பெயர் பேராசிரியருடையது, எழுத்து கம்பெனியுடையது

கிளைபோசேட் களைக்கொல்லியைப் பற்றி யாராவது கவலைப்பட்டால், "அதான் பாதுகாப்பானது என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதே" என்று உடனே வாயை அடைத்துவிடுகிறார்கள். சரி, அந்த ஆராய்ச்சியை எழுதியது யார்?

2000-ஆம் ஆண்டில் வில்லியம்ஸ், க்ரோஸ், மன்ரோ என்ற மூன்று பேர் பெயரில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. கிளைபோசேட் கலந்த ரவுண்டப் களைக்கொல்லியால் மனிதர்களுக்கு ஆபத்து இல்லை என்பது அதன் முடிவு. மூவருமே ரவுண்டப்பைத் தயாரித்த மான்சாண்டோ கம்பெனியின் ஊழியர்கள் இல்லை, அதனாலேயே அந்தக் கட்டுரைக்கு அவ்வளவு மரியாதை. அரசு அமைப்புகள்கூட வருடக்கணக்கில் அதை மேற்கோள் காட்டின.

அப்புறம் 2017-ல், புற்றுநோய் வந்தவர்கள் அமெரிக்காவில் மான்சாண்டோ மீது தொடுத்த வழக்குகளின் வழியாக அதன் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அதில் ஒன்று அந்தக் கம்பெனியின் விஞ்ஞானி வில்லியம் ஹெய்டன்ஸ் 2015 பிப்ரவரியில் எழுதியது. புதுக் கட்டுரையை நாமே எழுதிவிடலாம், வெளி விஞ்ஞானிகள் திருத்திக் கையெழுத்து மட்டும் போடட்டும், செலவு குறையும், 2000-ல் அந்தக் கட்டுரையை அப்படித்தானே செய்தோம் என்கிறார். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அந்தச் சாதாரணத் தொனிதான். ஒளித்துச் செய்கிறோம் என்ற தயக்கம் துளியும் இல்லை, டெண்டர் பேசுவது போலப் பேசுகிறார்.

கட்டுரையின் கடைசியில் மான்சாண்டோ விஞ்ஞானிகளுக்கு ஒரு நன்றி இருந்தது. எழுதியதே அவர்கள் என்றால் நன்றி சொன்னது யார், யாருக்கு?

மின்னஞ்சல் வெளியான பிறகும் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற 2025 கடைசி வரை ஆனது. யார் எழுதியது என்பதே சந்தேகம், புற்றுநோய் பற்றிய முடிவுக்கு மான்சாண்டோவின் வெளியிடப்படாத ஆய்வுகளை மட்டும் நம்பியிருக்கிறார்கள் என்று இதழாசிரியர் காரணம் சொன்னார். இதனால் மட்டும் கிளைபோசேட் புற்றுநோய் தரும் என்று நிரூபணம் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்றது, அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படித் தெரியவில்லை என்கிறது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு பக்கத்தின் சாட்சி, வழக்கில் மாட்டியவரே எழுதிக்கொடுத்தது என்று தெரியாமலே இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

கம்பெனி பணம் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. களைக்கொல்லியை விற்கிறவன்தான் சோதனைச் செலவை ஏற்க வேண்டும், மக்கள் வரிப்பணத்தில் ஏன்? ஆனால் அந்தப் பணம் அரசிடம் போகட்டும், எந்த ஆய்வகம் என்று அரசு முடிவு செய்யட்டும், மூலத் தரவு முழுக்க வெளியே வரட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சிலிருந்து, தொடங்கும்போதே ஆய்வைப் பதிவு செய்யச் சொல்கிறது, பிடிக்காத முடிவு வந்தால் சத்தமில்லாமல் புதைத்துவிட முடியாது. அதற்கு முன்னால் தொடங்கிய ஆய்வுகளுக்கு இந்த விதி கிடையாது. இன்று கடையில் கிடைக்கும் களைக்கொல்லி, பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவை அதற்கும் பழையவை.