குளிரில்தான் தோட்டம் போடவேண்டும்

எனக்கு அலொட்மென்ற் கிடைத்தது ஒக்டோபர் கடைசியில். வடமேற்கு லண்டனில் ஹரோ பக்கம், பட்டியலில் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த பிறகு வந்த கடிதம் அது. யாரிடம் சொன்னாலும் "ஐயோ, இந்த நேரத்திலையா? மார்ச்சிலை போய்ப் பாருங்கோ" என்றுதான் மறுமொழி வந்தது. அதன்பின் சில குளிர்காலங்களை அந்த மண்ணில் கழித்துவிட்டேன். இப்போது உறுதியாகச் சொல்வேன்: இந்த நாட்டில் தோட்டம் உருவாவது நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில்தான். மார்ச்சில் முதல்முறையாக மண்வெட்டியோடு போகிறவர் புல்லோடும் நத்தையோடும் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் ஜூன் வந்துவிடும்.

அறியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அலொட்மென்ற் என்பது கவுன்சிலோ தோட்டக்காரர் சங்கமோ குறைந்த வாடகைக்கு விடுகிற காணித் துண்டு. அதன் பழைய அளவு 10 ரொட். ஒரு ஏக்கருக்கு 160 ரொட். யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிக் கணக்கில் ஏக்கருக்கு 16 பரப்பு. ஆக ஒரு முழு அலொட்மென்ற் சரியாக ஒரு பரப்பு, ஏறக்குறைய 250 சதுர மீற்றர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு வந்த சந்தோசத்தை எங்கள் ஊர்க்காரர்களால் விளங்கிக்கொள்ள முடியும். இப்போதெல்லாம் பெரும்பாலும் பாதித் துண்டுதான் தருகிறார்கள். எனக்கு வந்தது 5 ரொட், அதாவது அரைப் பரப்பு. 6 மீற்றர் அகலம், 21 மீற்றர் நீளம்.

இதற்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. 1908ஆம் ஆண்டுச் சட்டம், கேட்கிற மக்கள் இருந்தால் கவுன்சில் நிலம் ஒதுக்கவேண்டும் என்கிறது. 1922ஆம் ஆண்டுச் சட்டம், அதில் விளைவது பெரும்பாலும் தோட்டக்காரரும் குடும்பமும் சாப்பிடுவதற்கான மரக்கறியும் பழமுமாக இருக்கவேண்டும் என்று வரையறுக்கிறது. 1925க்குப் பிறகு, இதற்கென்றே கவுன்சில் வாங்கிய நிலத்தை அரசின் அனுமதி இல்லாமல் விற்கமுடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இப்படி 14 லட்சம் துண்டுகள் வரை இருந்தனவாம். காணியை விட்டுவிட்டு வந்தவனுக்கு, காணியைக் காக்கிற சட்டங்களைப் படிப்பது மனதுக்கு ஒரு பெரிய ஆறுதல்.

நான் உரும்பிராய்க்காரன். செம்மண், கிணறு, வெங்காயம், புகையிலை என்று வளர்ந்தவன். மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் அங்கே தோட்டத்தில் நிற்க நேரம் போதாது. இங்கேயோ டிசம்பர் 21இல் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீட்டுக்கு வரவேண்டும். வந்த புதிதில் குளிர்கால வார இறுதிகளை ஹீற்றருக்குப் பக்கத்தில் யன்னலைப் பார்த்தபடியே கழித்திருக்கிறேன். அந்த நாட்களின் பாரம் பலருக்கும் தெரியும். தோட்டம் வந்த பிறகு சனிக்கிழமை காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்க ஒரு காரணம் கிடைத்தது.

சரி, குளிரில் அப்படி என்னதான் வேலை? முதல் வேலை பார்ப்பது. சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்றில் துண்டின் படத்தைக் கீறி, ஒவ்வொரு முறை போகும்போதும் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்தேன். ஊரில் சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் நிழல் காலடியிலேயே கிடக்கும். லண்டனில் டிசம்பர் மத்தியானத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும்புகிறது. 2 மீற்றர் உயரக் கொட்டில் வடக்கே ஏழு மீற்றருக்கும் மேலே நிழல் போடுகிறது. அதே கொட்டிலின் நிழல் ஜூனில் ஒரு மீற்றர்தான். டிசம்பர் நிழலைப் பார்த்து இந்த இடம் சரிவராது என்று முடிவெடுத்தால் நல்ல நிலத்தை இழப்போம். ஜூனை மட்டும் நினைத்தால் இளவேனில் நாற்றுகள் நிழலில் வாடும். என் கணக்கில் தீர்மானிக்கவேண்டியது மார்ச் கடைசி நிழல். அப்போது அது ஏறக்குறைய இரண்டேகால் மீற்றர். அதற்கு வெளியேதான் நாற்றுமேடை. போஞ்சிப் பந்தல் வடக்கு எல்லையில், மற்றப் பாத்திகளை மறைக்காதபடி.

அடுத்தது உறைபனி. குளிர்ந்த காற்று பாரமானது. சரிவு வழியாக இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். என் துண்டு ஒரு வேலிப் பற்றையை நோக்கி மெல்லச் சரிகிறது. ஜனவரிக் காலையில் போய்ப் பார்த்தால் மேல்பக்கத்துப் புல் பச்சையாக ஈரத்தோடு நிற்கும். வேலியடியில் மட்டும் நேரம் ஏறும்வரை வெள்ளை படிந்திருக்கும். அந்த வெள்ளை எந்த இடத்தில் முடிகிறதோ அங்கே தடி நட்டு அடையாளம் வைத்தேன். அந்தத் தடிகளுக்குக் கீழே மே நடுப்பகுதிக்கு முன்னர் பூசணியோ போஞ்சியோ இறங்காது. கூட்டெருப் பெட்டியும், குளிர் வேண்டுமென்றே கேட்கிற, தண்டைச் சமைக்கிற ரூபாப் செடியும் அங்கே போயின. கோடையில் எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் இந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது.

மண் லண்டன் களிமண். ஈரத்தில் சப்பாத்தை விடாது, வெயிலில் வெடிக்கும். முதல் வாரம் நான் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்றபோது, மேல் துண்டில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்த மாமி கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, உந்த ஈரத்துக்குள்ளை இறங்கி மிதியாதையும். பிறகு வெயிலுக்குக் கல்லு மாதிரி இறுகிப்போடும். பலகை ஒண்டு போட்டு அதிலை நிண்டு வேலை செய்யும்."

"அப்ப கொத்தாமல் விடுறதோ மாமி?"

"ஏன் கொத்துவான்? ஊரிலை குழை தாட்டனாங்கள்தானே. இஞ்சை அதை மேலாலை போடும். மிச்சத்தை மண்புழு பாக்கும்."

பூவரசங் குழையும் பனையோலையும் வெட்டித் தாழ்த்த தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைகள் எறிகிற பெரிய அட்டைப் பெட்டிகளைச் சேர்த்தேன். பிளாஸ்ரிக் நாடாவையும் கம்பிகளையும் கழற்றி, ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் நன்றாக ஏறும்படி புல்லின்மேல் விரித்து, நனைத்து, அதன்மேல் 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கூட்டெருவும் மக்கிய எருவும் போட்டேன். வெளிச்சம் இல்லாமல் புல் சாகும், அட்டை உக்கும், புழு மேலே ஏறும். பைன்ட்வீட் கொடி மட்டும் இதற்கு அடங்காது. அதன் வெள்ளை வேரின் சின்னத் துண்டுகூட முளைக்கும். வசந்தத்தில் தலை காட்டக் காட்டப் பிடுங்கவேண்டியதுதான். பாத்தி அகலம் 1.2 மீற்றர், அப்போதுதான் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும். நடைபாதைக்கு மரம் வெட்டுகிறவர்கள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் மரச் சீவல். களிமண்ணைக் கொத்திக் கட்டிகளாக விட்டால் உறைந்தும் உருகியும் தானே உதிரும் என்று சொல்கிற பழைய ஆட்களும் எங்கள் இடத்தில் இருக்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் புல் வேர் நிறைந்த துண்டில் மாமியின் வழியே மேல்.

எருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். குதிரை லாயங்களில் எரு இலவசமாகவே கிடைக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. புல்வெளிகளில் களைக்கு அடிக்கிற அமினோபைரலிட் என்ற மருந்து, காய்ந்த புல் வழியாகக் குதிரையின் வயிற்றுக்குள் போய், எருவிலும் அழியாமல் வெளியே வரும். 2008இல் இந்த நாட்டில் ஏராளமான அலொட்மென்ற்களில் தக்காளியும் அவரையும் உருளைக்கிழங்கும் சுருண்டுபோனது இதனால்தான். சோதிப்பது மிக எளிது. சில சட்டிகளில் கடைக் கொம்போஸ்ற்றோடு எருவைக் கலந்தும், வேறு சிலவற்றில் எரு இல்லாமலும் நிரப்பி, எல்லாவற்றிலும் புரோட் பீன்ஸ் என்ற அவரை இனத்தின் விதை ஊன்றி யன்னலோரம் வைக்கவேண்டும். எருச் சட்டியின் தண்ணீர் வடிந்து மற்றதில் சேராதபடி தனித்தனித் தட்டு வேண்டும். மூன்று நான்கு கிழமையில் இலைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எருச் சட்டியில் மட்டும் குருத்து கிண்ணம்போல் குவிந்து சுருண்டால் அந்த எரு தோட்டத்துக்குள் வரக் கூடாது. இதற்கு நேரம் இருப்பது குளிர்காலத்தில் மட்டும்தான்.

தண்ணீர்க் குழாய்களை நவம்பரில் பூட்டிவிடுவார்கள், உறைந்து வெடிக்காமலிருக்க. மார்ச் வாக்கில்தான் திறப்பார்கள். அதனால் கொட்டில் கூரைக்குப் பீலி வைத்து 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றை நிறுத்தினேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். என் கூரை 3 சதுர மீற்றர், ஆகவே பீப்பா நிறைய 70 மில்லிமீற்றரளவு மழை போதும். இங்கே குளிர்காலத்தில் ஒன்று, ஒன்றரை மாதத்தில் அது பெய்துவிடும். துலாவும் வாய்க்காலும் பார்த்த கைக்கு இது சின்ன வேலை.

நடுவதற்கும் ஒன்றுமில்லை என்று நினைக்கவேண்டாம். உள்ளிப் பல்லை ஒக்டோபர், நவம்பரில் ஊன்றினால்தான் குளிர் பட்டு, பிறகு பல் பல்லாகப் பிரியும். குளிர் தாங்குகிற புரோட் பீன்ஸ் வகையை நவம்பரில் விதைக்கலாம். ஆப்பிள் மரத்தை இலை உதிர்ந்த காலத்தில் கவ்வாத்துப் பண்ணவேண்டும். பிளம் மரத்தைக் குளிரில் தொடக் கூடாது, வெட்டுக்காயம் வழியாக வெள்ளியிலை நோய் புகுந்துவிடும்.

அடுத்த ஆண்டுக்கான பயிர்ச் சுற்றையும் இந்த மாதங்களில்தான் கொப்பியில் எழுதிவைக்கிறேன். உருளைக்கிழங்கு நின்ற இடத்தில் போஞ்சி, போஞ்சி நின்ற இடத்தில் கோவா (முட்டைக்கோஸ்) இனம், அதன்பின் வெங்காயமும் கரட்டும். கோவா இனத்தை மட்டும் திருப்பித் திருப்பி ஒரே இடத்தில் வைக்கவே கூடாது. வேர் வீங்குகிற கிளப்ரூட் நோய் வந்தால் மண்ணில் 20 ஆண்டுகூடத் தங்கும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுவதும் குளிர்கால வேலை.

எதை விடுவது என்பதே திட்டத்தில் கடினமான பகுதி. முருங்கையை விட்டேன். வெண்டியை விட்டேன். பயிற்றங்காய்க்குப் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் ஒரு மூலை, வெளியே போஞ்சிதான். கத்தரியும் மிளகாயும் கூடாரத்துக்குள். மனம் கேட்காது. ஆனால் கிடைத்த அரைப் பரப்பில் முளைக்காத ஆசைகளுக்கு இடம் கொடுத்தால் சமையலுக்கு ஒன்றும் வராது. பதிலுக்கு இந்த மண் தருவதைப் பழகிக்கொண்டோம். பனிக்குள் நின்ற கேல் கீரையைக் கொய்து, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறை வறுத்தால் வீட்டில் பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிடுகிறார்கள். பார்ஸ்னிப் கிழங்கு உறைபனி பட்ட பிறகு இனிக்கிறது, மாப்பொருள் சீனியாக மாறுவதால். பருப்புக்குள் லீக்ஸ் போடுவதை மாமியிடம் பழகினோம்.

பக்கத்துத் துண்டில் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு முதியவர். அவர் கலலூ என்று வளர்ப்பது நாங்கள் வீட்டில் சமைக்கிற முளைக்கீரை இனம்தான். பெப்ரவரியில் எங்கள் சங்கக் கொட்டிலில் நடந்த விதை மாற்றும் நாளில் அவர் அந்த விதையில் ஒரு பிடியைக் கடித உறையில் போட்டுத் தந்தார். நான் வெந்தயமும் கொத்தமல்லியும் கொடுத்தேன். இரண்டும் இந்தக் குளிர்ச்சியான வசந்தத்தில் நன்றாக வரும், குறிப்பாகக் கொத்தமல்லி வெயிலைவிடக் குளிருக்கு இணக்கம். அன்றைக்கு வந்தவர்களில் சைப்பிரஸ்காரர், போலந்துக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி என்று எல்லாரும் இருந்தார்கள். கோடையில் எல்லாரும் குனிந்தபடி அவரவர் துண்டில் நிற்போம். ஒருவரோடொருவர் இருந்து கதைக்கக் கிடைப்பது குளிரில்தான், கையில் தேத்தண்ணியோடு. இந்த நாட்டில் எனக்கு அயலட்டை என்று சொல்லக்கூடிய மனிதர்கள் முதலில் கிடைத்தது அந்தக் கொட்டிலில்.

இப்போது ஜனவரி கடைசி. மிளகாய் விதை யன்னலோரத் தட்டில் 25 பாகைச் சூட்டில் கிடக்கிறது. பகல் நீண்டு வந்தாலும் வெளிச்சம் போதாது, எனவே மேலே ஒரு எல்ஈடி விளக்கு. உருளைக்கிழங்கு விதைக் கிழங்குகள் முட்டைப் பெட்டிகளில் கண் மேலே பார்க்க அடுக்கியிருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் இன்னொரு பாத்திக்கு அட்டை விரிக்கவேண்டும்.

பட்டியலில் பெயர் பதிந்து காத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். பல இடங்களில் வாடகை ஆண்டு ஒக்டோபரில் புதுப்பிக்கப்படுகிறது. காசு கட்டாமல் விட்டவர்களின் துண்டுகள் கைமாறுவது அதன்பின் வருகிற குளிர் மாதங்களில். அப்போது அழைப்பு வந்தால் "வசந்தத்தில் வருகிறேன்" என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே போய்ச் சாவியை வாங்குங்கள். ஒரு கொப்பியும், நின்று பார்க்க நல்ல சப்பாத்தும், நான்கைந்து பெரிய அட்டைப் பெட்டிகளும் இருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம்.