தண்ணீர்மலையில் மகளின் பால்குடம்

மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. பிள்ளையை என் கையில் கொடு முருகா, ஏழு வயதில் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று. இந்தத் தைப்பூசத்துக்கு மலேசியாவில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் அதை நிறைவேற்றிவிட்டோம்.

என் வீட்டுக்காரர் சீனர், ஹொக்கியன் பேசும் குடும்பம். ரதம் வரும் பாதையில் சீனர்கள் தேங்காயைக் குவித்துப் போட்டு உடைப்பதைப் பினாங்குக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் மாமியாரும் பல வருஷமாக உடைப்பவர்தான், கடை நிலைத்ததே அவன் தயவு என்பார். ஆனால் தமிழ்ப் பெண் மருமகளாக வருகிறாள் என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முருகன் வேண்டும், முருகனைக் கும்பிடுகிறவள் வேண்டாம்! எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது, பெரியப்பா கல்யாணத்துக்கே வரவில்லை. வாடகைக்கு வீடு தேடினால் அது வேறு கதை. என் வீட்டுக்காரர் போனில் பேசும்போது காலியாக இருக்கும் வீட்டுக்கு, நேரில் என்னைப் பார்த்ததும் திடீரென்று ஆள் வந்துவிடுகிறது. இந்தியர்களுக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே போடுகிறவர்கள் தேவலை, பெட்ரோலாவது மிச்சம்.

சரி, மலைக்கு வருகிறேன். விடியுமுன் போயும் வண்டி நிறுத்த இடமில்லை, யாரோ ஒருவர் தன் வாசலைக் காட்டி வாய்க்கு வந்த காசு கேட்டார். தண்ணீர்ப்பந்தல்களில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது, அதிலே முருகன் பாட்டைத் தேட வேண்டியிருந்தது. படியடிவாரத்தில் ஒரு தம்பி, மஞ்சள் பாவாடையும் தலையில் குடமுமாக நிற்கிற என் மகளையும் அவள் அப்பாவையும் பார்த்துவிட்டு, சுற்றிப்பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கம் போங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் அவளே, "அண்ணே, எனக்கு வேண்டுதல் இருக்கு, வழி விடுங்க" என்றாள். விட்டார், பாவம், முகம் செத்துப்போய்.

513 படி. வெயில் ஏறிவிட்டது. விரதம் தொடங்கியதிலிருந்து சார் குவே தியாவ் என்ற நூடுல்ஸ் வறுவல் பக்கமே தலைவைக்காத என் வீட்டுக்காரர் அவள் பின்னாலேயே கையை ஏந்தியபடி ஏறினார், குடம் சாய்ந்தால் பிடிக்க. முழங்கால் வலிக்காரியான மாமியாரும், வராதீர்கள் என்று சொல்லச் சொல்ல, கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

சந்நிதியில் தள்ளுமுள்ளு. ஒரு அம்மா, "இந்தச் சீனப் பிள்ளை எதுக்கு நடுவுல?" என்று என் மகளை முழங்கையால் ஒதுக்கினார். மாமியாருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முழங்கை தெரியுமே! மலாயில் சத்தம் போட்டார், "இது என் பேத்தி, சாமிக்குப் பால் கொண்டுவந்திருக்கிறாள்." கூட்டம் விலகியது. குருக்கள் யார் எவர் என்று கேட்கவில்லை, குடத்தை வாங்கினார், ஊற்றினார். எத்தனையோ பேர் பாலோடு அவள் பாலும் கலந்து அவன் மார்பில் வழிந்தபோது எனக்குக் கண் மறைத்துவிட்டது, அலங்காரம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவே இல்லை. முருகா, முருகா என்றதைத் தவிர வேறு எதுவும் வேண்டிக்கொள்ளவும் வரவில்லை. திருநீறு வாங்கி மாமியாருக்கு நான்தான் பூசிவிட்டேன், நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றார்.

வீடு இன்னும் அமையவில்லை. வருகிற ஞாயிறு ஒன்று பார்க்கப் போகிறோம். இந்தத் தடவை போனில் நானே பேசி, என் பெயரையும் சொல்லிவிட்டேன்.