ஆர்.எஃப். முடிந்ததும் வீட்டுப் பராமரிப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள்

தாடையோரம் தோல் தொய்ந்திருந்ததற்காக இங்கே பெங்களூரில் ஒரு கிளினிக்கில் ரேடியோ ஃப்ரீக்வென்சி (ஆர்.எஃப்.) என்ற தோல் இறுக்கும் சிகிச்சையைச் செய்துகொண்டேன். ஜெல் தடவிக் கருவியை ஓட்டினார்கள், முடிந்தது. கோபமெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததில்தான்.

பணம் கட்டும்போது, வீட்டில் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல மேடம், நார்மலா இருங்க" என்று சொல்லிவிட்டு, ரிசப்ஷனில் இருந்த பெண் அடுத்த பேக்கேஜின் விலைப்பட்டியலை நீட்டினார். கையில் வந்தது பில் மட்டும்.

சிவப்பும் லேசான வீக்கமும் வருவது சாதாரணம், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். எனக்கோ இரவில் கொப்புளம் எழுந்தது. தோலுக்கு அடியில் சூடேற்றி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை இறுக்குவதுதான் இந்தச் சிகிச்சை; ஓரிடத்தில் சூடு மிஞ்சினால் சுட்டுவிடும். காலையில் போன் செய்தால், டாக்டர் சனிக்கிழமைதான் வருவார், அதுவரை கற்றாழை ஜெல் போடுங்கள் என்றார்கள். கொப்புளத்தைப் பார்க்காமலேயே! அத்தை கஸ்தூரி மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். பாசம்தான், ஆனால் சுட்ட புண்ணில் அதையெல்லாம் பூசக் கூடாது.

அல்சூரில் வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். கொப்புளத்தை உடைக்காதீர்கள், பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவி மூடி வையுங்கள் என்றார். அப்புறம் கேட்டார்: "எந்த மெஷின், எவ்வளவு எனர்ஜி வெச்சாங்க?" அதைக் கேட்டு வரக் கிளினிக்குக்குப் போனால், "அது இன்டர்னல் ரெக்கார்ட்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ காசும் அரை நாள் லீவும் போனதுதான் மிச்சம்.

இந்த விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேட்டைத் தர வேண்டும். இதைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பினேன். கெடுவுக்குள் எல்லாம் வந்துவிட்டது. கூடவே, வீட்டுப் பராமரிப்புக் குறிப்பு அச்சடித்த தாள் ஒன்றும்! அதை வைத்துக்கொண்டேதான் "ஒண்ணும் இல்ல" என்றிருக்கிறார்கள்.

அதில் இருந்தவை: ஓரிரு நாள் வெந்நீர், ஸ்டீம், கடும் உடற்பயிற்சி வேண்டாம். ரெட்டினால், கிளைகாலிக் ஆசிட் கலந்த கிரீம்கள், ஸ்க்ரப் எதுவும் தோல் தணியும்வரை தொடக் கூடாது. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும்.

சன்ஸ்கிரீனைப் பற்றி நானே அழுத்திச் சொல்கிறேன். பெங்களூர் வெயில் உறைக்காது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, புற ஊதாக் கதிருக்கு இங்கே குறைவில்லை. நம்முடைய மாநிறத் தோலில் சுட்ட இடம் கருத்தால் மாதக்கணக்கில் போகாது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் பூசுங்கள், வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூசுங்கள். புண் ஆறும்வரை அந்த இடத்தில் மட்டும் பூசாமல் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டேன்.

இன்னொன்று: புதுக் கொலாஜன் உருவாகி முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் வரை ஆகலாம். "ரிசல்ட் வரலையா, இன்னொரு சிட்டிங் போடுங்க" என்று உடனே அழைத்தால் அசையாதீர்கள்.

எனக்குப் புண் ஆறிவிட்டது, லேசான கருமை மட்டும் இருக்கிறது, அதுவும் மங்கி வருகிறது. மீதி சிட்டிங்குகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இந்த முறையும் மெயிலில்தான்.