குற்றமாவது செயலா, ஆளா?

கொலையையும் களவையும் எல்லாக் காலத்திலும் குற்றமென்றே கொண்டிருக்கிறோம். நான் எழுத வந்தது அவற்றைப் பற்றியல்ல. இயல்பான ஒரு செயலை ஓர் ஆணை குற்றமாக்கிவிடுவதும், அதன்பின் செயல் மறந்துபோய் ஆள் மட்டும் குற்றவாளியாக நிற்பதும்தான் என்னை உறுத்துகின்றன.

எங்கள் குமரி மாவட்டம் இதை நன்கு அறியும். இம்மாவட்டம் அன்று அடங்கியிருந்த தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணியக் கூடாதென்று 1829-இல் அரசு ஆணையிட்டது. சந்தையில் சீலையைக் கிழித்தவன் ஊர் வழக்கத்தைக் காத்தவனானான். மார்பை மறைத்தவள் ஆணையை மீறியவளானாள். 1859 ஜூலை 26 அறிவிப்பு அந்தத் தடையைத் தளர்த்தியபோதுகூட, மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று எல்லை வகுத்தே தளர்த்தியது. எது குற்றம் என்பதை எழுதியவர்களுக்குத் தம் பெண்களின் சீலையைப் பற்றிய கவலை என்றுமே இருந்ததில்லை.

1954 ஆகஸ்ட் 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டுப் போராடியவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சிக் காவல்துறை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டது. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது; ஓர் அரசு சிறையில் அடைத்தவர்களுக்கு மற்றோர் அரசு, எல்லைக்காகப் போராடிய 'எல்லைக் காவலர்கள்' என்று உதவித்தொகை வழங்கியது.

ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்களைத் தேடித் தரக் கேட்டு, 2017 டிசம்பரில் குழித்துறையில் ரயிலை மறித்த கடற்கரை மக்கள்மீதும் வழக்குப் பதிவானது. இத்தகைய வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் சில பெயர்களுக்குப் பின் 'மற்றும் பலர்' என்றொரு வரி இருக்கும். அந்த வரியில் யாரை வேண்டுமானாலும் பின்னர் சேர்க்கலாம் என்பதால், கூட்டத்தில் நின்ற ஒவ்வொரு இளைஞனும் அதற்கு அஞ்சியே வாழ வேண்டியிருக்கிறது. அரபு நாடுகளுக்கு மீன்பிடிக்கப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் எங்கள் கரைகளில் இது சிறிய அச்சமல்ல. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றால்தான் வெளிநாடு போக முடியும். தீர்ப்பு வராத அந்த ஆண்டுகளில் வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்பதும், கைக்கு வந்த விசா காலாவதியாவதும் தண்டனையே அல்லவா? உறவைத் தேடித் தாருங்கள் என்று தண்டவாளத்தில் அமர்ந்தவர்கள்மீது அரசு வழக்கே போட்டிருக்கக் கூடாது. போட்டபின், எவரையும் விரட்டிக்கொண்டிருக்காமல் அதை முழுவதுமாகத் திரும்பப் பெற வேண்டும்.