ரீச்சரின் பன்னிரண்டு பேர்

ரீச்சர் பிரசங்கம் செய்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. காலைப் பிரார்த்தனையில் அவர் முறை வந்தால் வேதாகமம் வாசிப்பார், மாலையில் படிப்பு மணி அடித்ததும் விடுதி விறாந்தையில் மெதுவாக நடப்பார், அவ்வளவுதான். ஆனாலும் மெதடிஸ்தக் கிறிஸ்தவ விசுவாசம் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய முகம். அவர் காலமான செய்தி வந்த அன்றே மலர்க் குழுவினர் எழுதித் தரச் சொன்னார்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு மாலை நடந்ததையும் அதன் பின்னால் தொடர்ந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

அம்மா இறந்து நான் விடுதிக்குத் திரும்பியிருந்த நேரம். வெளியிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து மாலைக் கூட்டம் நடத்தினார். குணமாக்கும் விசுவாசம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், அண்மையில் யார் வீட்டிலாவது சாவு நடந்ததா என்று கேட்டார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எழும்பி நிற்கச் சொன்னார். அம்மாவுக்காக ஜெபித்தாயா, முழு மனதோடு ஜெபித்தாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, விசுவாசத்தில் குறை இருந்ததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. கால் நடுங்கியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ரீச்சர் பின்வாங்கிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "நீ இரு பிள்ளை" என்று தோளில் கை வைத்து இருத்தினார். அப்புறம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஐயா, இந்தப் பிள்ளையின்ர தாய்க்கு வந்தது காய்ச்சல். ஆஸ்பத்திரியில டொக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. அதுக்குப் பிள்ளையின்ர விசுவாசம் என்ன செய்யும்?"

கூட்டம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு பின்னேரம் ரீச்சர் என்னைத் தன் வட்டத்துக்குக் கூப்பிட்டார்.

அந்த வட்டத்தைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கமாட்டார். பாட்டு ஒன்று, ஜெபம் ஒன்று, பிறகு ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: "உள்ளுக்குள்ள எப்பிடி இருக்கு?" நான் பல ஞாயிறுகள் பதில் சொல்லவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, சிறிது நேரம் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவார். ஒருநாள் நான் வாய் திறந்து அழுதபோது யாரும் ஆறுதல் வசனம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சுகம் தொடங்கியது அங்கேதான். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

இப்படி வட்டமாகக் கூடும் வழக்கம் ரீச்சர் கண்டுபிடித்தது அல்ல. 1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்த சபைக் கட்டடத்தின் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி சேர்க்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், கொடுக்க முடியாதவர்களுக்காக அவரே போடுவார். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே நோயையும் சண்டையையும் பசியையும் கண்டார்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடனுக்காக வந்த ஏற்பாடு ஒருவரையொருவர் தாங்கும் வகுப்புக் கூட்டமாக மாறியது. நம் வட்டத்திலும் ஒரு தகரப் பேணி இருந்தது. சதக்காசு இல்லாத பிள்ளைக்காக ரீச்சர்தான் போட்டார், யாருக்காகப் போட்டார் என்று காட்டிக்கொடுத்ததில்லை.

என் அம்மா இறந்த காரணத்தை ரீச்சர் அன்று கூட்டத்தில் சொன்னதோடு விடவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டொக்டர் வேண்டும் என்று மனு எழுதினார். விடுமுறையில் வட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சிமார் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருடைய பெருவிரலையும் பிடித்து மைப்பெட்டியில் ஒற்றி, தாளில் அழுத்தி, பிறகு தன் சேலைத் தலைப்பாலேயே மையைத் துடைத்துவிட்டார். வெள்ளைச் சேலை. அந்த ஊதாக் கறை பிறகு போகவே இல்லை. பேணியில் சேர்ந்த காசு கந்தோருக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு உதவியது. பல தடவை அலைக்கழித்தார்கள். கடைசியில் வாரத்தில் இரண்டு நாள் ஒரு டொக்டர் வந்தார். என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது பார்த்தது அவர்தான்.

படிக்கிற பிள்ளைகளை ஏன் இந்த வேலைக்கு இழுக்கிறீர்கள் என்று சில பெற்றோர் கேட்டார்கள். ரீச்சர் சரித்திரப் பாடத்தில் பதில் சொன்னார். வெஸ்லி 1774ல் அடிமை முறைக்கு எதிராகப் புத்தகம் எழுதினார். 1791 பெப்ரவரி 24 அன்று, 87 வயதில், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு மனம் தளரவேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஆறு நாளில் உயிர் போய்விட்டது. "சாகக் கிடந்த மனுசன் ஜெபம் பண்ணிக்கொண்டு கிடந்திருக்கலாம்தானே? ஏன் கடிதம் எழுதினார்?" என்று கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்தபடியே நின்றார்.

லண்டனுக்கு வந்த பிறகு சிற்றி ரோட்டில் வெஸ்லி கட்டிய ஆலயத்துக்குப் போனேன். 1778ல் திறந்தது. பக்கத்திலேயே அவர் வாழ்ந்த வீடு. நோயாளிகளுக்காக அவர் வைத்திருந்த, கையால் சுழற்றும் மின்சார இயந்திரம் அங்கே இருக்கிறது. 1746ல் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தவர், மறு வருடமே எளிய மருத்துவ நூல் ஒன்றை வெளியிட்டவர். ஜெபத்தையும் மருந்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றபோது பின்வாங்கிலிருந்து எழுந்து வந்த ரீச்சரை நினைத்து அழுகை வந்தது. இதை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

நான் ஊரை விட்டுப் போகிறேன் என்று சொன்ன நாளில் அவர் தடுக்கவில்லை. "போற இடத்தில பன்னிரண்டு பேரைத் தேடு" என்றார். தேடினேன். நல்ல சபை கிடைத்தது, நல்ல மனிதர்களும் கிடைத்தார்கள். ஆனால் வருடத் தொடக்கத்தில், கடவுளுக்கு நம்மை மறுபடியும் ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையில், நான் இனி எனக்குரியவள் அல்ல, உமக்குச் சித்தமானவர்களோடு என்னைச் சேர்த்து வையும் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. என்னைச் சேர்த்து வைத்த ஆட்கள் ஊரில் இருந்தார்கள். போர்க் காலத்திலும் அங்கேயே இருந்தார்கள்.

ரீச்சர் கடைசி இரண்டு வருடமும் படுக்கையில் கிடந்தார். வட்டத்துப் பிள்ளைகளில் ஊரில் தங்கியவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் அவர்கள் போய்க் கட்டிலைச் சுற்றி இருந்து, ஒரு பாட்டுப் பாடி, அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டார்களாம். சில நாள் பதில் சொல்வார், சில நாள் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பாராம். என் பெயரையும் கேட்டிருக்கிறார். லண்டனில் சுகமாக இருக்கிறாள் என்று அவர்கள்தான் எனக்காகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.