அர்பா: மூன்று வசனங்களில் வந்துபோகும் ஒரு மூதாதை

இஸ்ரவேலர் வருவதற்கு முன் எபிரோன் ஊரில் இருந்ததாக வேதாகமம் சொல்லும் ஏனாக்கியரின் வம்ச அட்டவணை போடுகிறவர்கள் வழக்கமாக உச்சியில் அர்பா என்று எழுதுவார்கள். அதன் கீழே ஏனாக், அதற்கும் கீழே அகீமான், சேசாய், தல்மாய். நேர்க்கோடு இழுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஏனாக்கிலிருந்து அந்த மூவருக்குப் போகும் கோட்டுக்கு இருக்கிற பலம், அர்பாவிலிருந்து ஏனாக்குக்கு வரும் கோட்டுக்குக் கிடையாது. ஏன் என்பதை வசனத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் பெயர் வரும் இடங்களை எல்லாம் திரட்ட வேண்டும். வேதாகமச் சொற்கள் வரும் இடங்களைத் தொகுத்துத் தரும் ஒத்தவாக்கியத்தில் ‘அர்பா’ என்று மட்டும் தேடினால் பாதி விட்டுப்போகும். ஊர்ப்பெயர் ‘கீரியாத்அர்பா’ என்று ஒரே சொல்லாகச் சேர்ந்து நிற்பதால் அதைத் தனியாகத் தேட வேண்டும். ஆளாக அர்பா வருவது யோசுவாவின் புத்தகத்தில் மூன்றே இடங்களில்: 14:15, 15:13, 21:11. ஊர்ப்பெயராகப் பார்த்தால் சாராள் இறந்த ஆதியாகமம் 23:2-இல் தொடங்கி, சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய நெகேமியா 11:25 வரை வருகிறது. ஊர் எபிரோன்தான். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், யூதேயா மலைநாட்டில் இருக்கிறது. அர்பாவின் மனைவி, வயது, மரணம் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. உயரமும் இல்லை. அவனைப் பன்னிரண்டு அடி மனிதனாக வரைகிறவர்கள் வசனத்திலிருந்து வரையவில்லை.

‘ஏனாக்கியருக்குள்ளே பெரிய மனுஷன்’ என்று 14:15 சொல்கிறதே என்று கேட்கலாம். ஊர்ப் பெரிய மனுஷன் என்றால் நாம் யாரும் அவர் எத்தனை அடி என்று கேட்பதில்லை. எபிரெயத்தின் ‘காதோல்’ என்ற சொல்லும் அப்படித்தான்: உருவத்தில் பெரியவனுக்கும் மதிப்பில் பெரியவனுக்கும் அதே சொல். இந்த ஓரிடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு மூலத்தின் இரட்டைப் பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த அழகைக் கவனிக்காமல் ‘இராட்சதன்’ என்று விளக்கம் எழுதுவது பெரிய இழப்பு.

அந்த வசனத்திலேயே நின்று இன்னும் இரண்டு சங்கதிகளைப் பார்க்க வேண்டும். ‘மனுஷன்’ என்பதற்கு மூலத்தில் இருப்பது ‘ஆதாம்’ என்ற சொல். கி.பி. 400-ஐ ஒட்டி லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதை ஆளின் பெயராகவே எடுத்துக்கொண்டார். அதனால் அவருடைய மொழிபெயர்ப்பான வுல்காத்தாவின் இந்த வசனத்தில் அர்பா என்ற ஆள் மறைந்து, மாபெரும் ஆதாம் அங்கே ஏனாக்கியர் நடுவில் கிடத்தப்பட்டிருக்கிறான் என்றாகிவிட்டது. ஆதாமின் கல்லறை எபிரோனில் இருக்கிறது என்ற யூத மரபும் இதற்கு ஒத்துப்போகிறது.

இரண்டாவது, பழைய ஏற்பாட்டின் பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த். அங்கே யோசுவாவின் அந்த மூன்று வசனங்களிலும் ‘தகப்பன்’ இல்லை, ‘பெரிய மனுஷன்’ இல்லை. மூன்றிலும் ‘மெத்ரோபோலிஸ்’, அதாவது தாய்ப்பட்டணம். ஆள் போய் ஊர் நிற்கிறது. ‘ஆதாம்’ என்ற சொல் எபிரெயத்தில் மூன்று எழுத்து: ஆலெஃப், தாலெத், மேம். நடுவிலிருக்கும் தாலெத்தை எடுத்துவிட்டால் மீதி ‘ஏம்’, தாய். ‘தகப்பன்’ என்ற சொல்லும் ஆலெஃபில்தான் தொடங்குகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் கையிலிருந்த எபிரெயப் பிரதியில் ‘தாய்’ என்றே இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். பட்டணத்தைத் தாய் என்று சொல்வது எபிரெயத்துக்குப் புதிதும் அல்ல. 2 சாமுவேல் 20:19-இல் ஆபேல் பட்டணத்து ஸ்திரீ தாவீதின் படைத்தலைவன் யோவாபிடம் வாதாடும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்கிறாள். நம் பழைய மொழிபெயர்ப்பிலும் அங்கே ‘தாய் பட்டணம்’ என்றே இருக்கிறது.

இனி பெயருக்கு வருவோம். ‘அர்பா’ என்றால் எபிரெயத்தில் நான்கு. கீரியாத்அர்பாவை ‘அர்பாவின் ஊர்’ என்றும் படிக்கலாம், ‘நான்கின் ஊர்’ என்றும் படிக்கலாம். ஆதியாகமம் 35:27-இலும் நெகேமியா 11:25-இலும் ‘அர்பா’வுக்கு முன்னால் ‘ஹ’ என்ற சுட்டு ஒட்டியிருக்கிறது. எபிரெயத்தில் ஆள்பெயருக்கு முன்னால் பொதுவாக அது வராது. ஆகவே அந்த இரண்டு இடங்களில் ‘அந்த நான்கின் ஊர்’ என்ற பொருளே இயல்பாகப் பொருந்துகிறது. எந்த நான்கு? 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி இரண்டு விடை தருகிறார். ஏனாக்கின் மூன்று மக்களும் அவர்கள் தகப்பனும் சேர்ந்து நான்கு பேர். இல்லையென்றால் அங்கே அடக்கமான நான்கு ஜோடிகள்: ஆதாம்-ஏவாள், ஆபிரகாம்-சாராள், ஈசாக்கு-ரெபெக்காள், யாக்கோபு-லேயாள். நான்கு குடிகள் கூடி வாழ்ந்த ஊர் என்பது இக்கால விளக்கம்.

ஏனாக்குக்கும் இதே சிக்கல். எண்ணாகமம் 13:22-இல் அந்தச் சொல்லுக்கும் ‘ஹ’ சுட்டு உண்டு. ‘ஏனாக்’ என்றால் கழுத்தணி. நியாயாதிபதிகள் 8:26-இல் மீதியானியரின் ஒட்டகங்கள் கழுத்தில் கிடப்பதும் இதே சொல்தான். அப்படியானால் இது ஒரு தனி ஆளின் பெயரைவிடக் குலப்பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

‘தகப்பன்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 1 நாளாகமம் 2-ஆம் அதிகாரத்தில் சல்மா பெத்லெகேமுக்குத் தகப்பன், சோபால் கீரியாத்யாரீமுக்குத் தகப்பன். ஊருக்கு ஒருவன் எப்படித் தகப்பன் ஆவான்? ஊரை நிறுவியவன், அந்தக் குடியின் தலைவன் என்று பொருள். அர்பாவை ‘ஏனாக்கின் தகப்பன்’ என்பதையும் இந்தக் கணக்கில்தான் வாசிக்க வேண்டும். ஊரின் பெயரிலிருந்தே ஒரு மூதாதை பிறந்திருக்கிறான் என்பது என் முடிவு. செப்துவஜிந்தின் சாட்சியையும் அந்தச் சுட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

உயரம் எங்கிருந்து வந்தது என்றால், உபாகமம் 9:2 ஏனாக்கின் புத்திரரை நெட்டையானவர்கள் என்கிறது. அளவு கிடையாது. இராட்சதர் என்பது எண்ணாகமம் 13:33-இல், கானானை வேவு பார்க்க மோசே அனுப்பிய வேவுகாரர் பேச்சு. அதே இடத்தில்தான் தங்களை வெட்டுக்கிளிகள் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே மூலச்சொல் ‘நெஃபிலீம்’. பாசான் ராஜா ஓக்கைப் பற்றிய உபாகமம் 3:11-இல் மூலச்சொல் ‘ரெஃபாயீம்’. தமிழில் இரண்டுக்கும் ‘இராட்சதர்’ என்றே இருப்பதால் இரண்டும் ஒரே இனம் என்று நினைத்துவிடுகிறோம். ஏனாக்கியர் நெஃபிலீமிலிருந்து வந்தவர்கள் என்ற இணைப்பு வரி செப்துவஜிந்தின் 13:33-இல் இல்லவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எபிரோனிலிருந்து இவர்களை விரட்டியது யார் என்பதிலும் ஒரே விடை கிடைக்காது. யோசுவா 11:21-இல் யோசுவா. 15:14-இல் அந்த வேவுகாரரில் ஒருவனான காலேப். நியாயாதிபதிகள் 1:10-இல் யூதா கோத்திரம், பத்தே வசனம் தள்ளி 1:20-இல் மறுபடியும் காலேப். ஒன்றை மட்டும் எடுத்துப் பாடம் நடத்தினால், மற்றதை வாசித்த பிள்ளை கட்டாயம் கேள்வி கேட்கும்.

ஆகவே ஏனாக்கைக் குலப்பெயராக எடுத்துக்கொண்டாலும், அட்டவணையில் அதிலிருந்து மூன்று பெயர்களுக்கும் முழுக்கோடு போடலாம். அர்பாவிலிருந்து ஏனாக்குக்குப் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் ‘கிரேக்கத்தில் தாய்ப்பட்டணம்’ என்று எழுதிவையுங்கள். தாவீது எதிர்த்து நின்ற கோலியாத்தை இதில் சேர்க்க வேண்டாம். ஏனாக்கியரில் மிஞ்சியவர்கள் காசா, காத், அஸ்தோத் ஊர்களில் இருந்தார்கள் என்று யோசுவா 11:22 சொல்கிறது. கோலியாத்தும் காத் ஊரான்தான். ஆனால் அவனை ஏனாக்கியன் என்று ஒரு வசனமும் சொல்லவில்லை. 2 சாமுவேல் 21-இல் வரும் காத் ஊர் இராட்சதருக்கு எபிரெய மூலத்தில் சொல்லப்படும் மூதாதை ‘ராஃபா’. அது வேறு பெயர், அதற்கு வேறு அட்டவணை.