கப்பல் சார்

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு லண்டனிலிருந்து ஏதாவது எழுதுங்கள் என்று செயலர் விடாமல் கேட்கிறார். உட்கார்ந்தால் டிரில் மாஸ்டர் கப்பல் சாரைத் தாண்டி வேறு யாரும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறார்கள். விசில், காக்கி டவுசர், மழையிலும் நடந்த டிரில் பீரியட், உங்களுக்குத் தெரியாததா.

1964, எட்டாம் வகுப்பு. வேப்பமரத்தடிப் பானையில் ஒரு டம்ளர் மொண்டு ரெண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை மண்ணில் வீசினேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த மாசம், தண்ணிக்கு என்ன பஞ்சம்? சார் காதைத் திருகி இழுத்துப்போய் பிரேயர் மேடையில் நிறுத்தினார். மணி அடிக்கும் வரைக்கும் தூக்குப்போசி மூடியில் ஒரு மூடி தண்ணிதான், அதையும் அத்தனை பேர் பார்க்க, அவர் சொல்லும்போதுதான் குடிக்க வேண்டும். பொண்ணுங்க சிரித்ததுதான் தாங்கவில்லை. “போட்டுல இத்தனூண்டுக்கு அடிச்சுக்குவாங்கடா கண்ணு” என்றார். பவானி ஆத்தில் பரிசல் விட்ட கதை போல என்று நினைத்துக்கொண்டோம்.

சண்டைக்காலத்தில் அவர் சரக்குக் கப்பலில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர், கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் கிடந்து பிழைத்தவர் என்பதே எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்போது ஆபீஸ் கிளார்க் சொல்லித்தான் தெரியும். கடலே இல்லாத கோபிப் பக்கத்து ஆள்!

அவர் கப்பல் எதுவென்று தெரியாது; அப்படிப் படகில் கிடந்தவர்கள் பட்ட பாடு இங்கே வந்து படித்தது. 1940 செப்டம்பர் 17 இரவு, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கனடா போன ‘சிட்டி ஆஃப் பனாரஸ்’ கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி யு-48 மூழ்கடித்தது. தப்பிய படகு ஒன்றில் 46 பேர், பெரும்பாலும் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டுக் கப்பல் தொழிலாளர்கள், அட்லாண்டிக் குளிரில் 8 நாள், தண்ணீரைக் குவளையில் அளந்து அளந்து. படிக்கும்போது எனக்கு அந்தப் போசி மூடிதான் தெரிந்தது.

இங்கே லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் அந்தப் போரில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 24,000 பேரின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். இந்திய மாலுமிகள் கிட்டத்தட்ட 6,000 பேருக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரு பதிவேடு. வெள்ளைக்கார மாலுமிக்குத் தந்த சம்பளத்தில் பாதிகூட நம் ஆட்களுக்குத் தராதவர்கள் வேறென்ன செய்வார்கள்?

1974ல் லண்டன் கிளம்பும்போது சாரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். “பிளேன்லயா போறே?”

“ஆமாங்க சார்.”

“அப்பச் சரி. வந்துரு.”

அவர் அத்தனையும் பட்டுவிட்டுத் திரும்பி வந்து நமக்கு டிரில் சொல்லிக்கொடுத்தார். பிளேனில் சொகுசாக வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன்.

அவர் கப்பலின் பெயர் யாருக்காவது தெரிந்தால் செயலரிடம் சொல்லுங்கள், இங்கே ஆவணங்களில் தேடிப் பார்க்கிறேன். ஊரிலேயே இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருக்கலாம்.